அறச்சிக்கலா, போலி இருவழியா: பிரித்துப் பார்ப்பது எப்படி?

கேள்வி இது: "அம்மாவுக்கு முதுமை மறதி நோய். தாதிமை இல்லத்தில் சேர்ப்பதா, நான் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருப்பதா? இதைத்தான் அறச்சிக்கல் என்கிறார்களா? போலி இருவழி என்று ஒரு தர்க்கப் பிழை இருக்கிறதாமே, அதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?"

முதலில் நேரடியான பதில். நீங்கள் கேட்டிருக்கும் வடிவத்தில் இது போலி இருவழி. ஆனால் மேல்தோலை உரித்தால் உள்ளே உண்மையான அறச்சிக்கல் ஒன்று இருக்கலாம். பெரும்பாலான குடும்பங்களில் இந்த இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டே வருகின்றன. பிரிக்கத் தெரியாவிட்டால் நட்டம் இரண்டு பக்கமும் உண்டு. போலியை உண்மை என்று நம்பியவர் இல்லாத பாரத்தைச் சுமந்து வேலையை விடுகிறார். உண்மையைப் போலி என்று நினைத்தவர், "எல்லாத்துக்கும் ஒரு வழி இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே யாரையோ ஏமாற்றிவிடுகிறார்.

போலி இருவழியில் கோளாறு வழிகளின் பட்டியலில் இருக்கிறது. ஐந்து வழி இருக்கும் இடத்தில் இரண்டுதான் என்று சொல்லப்பட்டிருக்கும். அறச்சிக்கலில் பட்டியல் சரியாகத்தான் இருக்கும், மோதுவது கடமைகள். அதனால் முதலாவதைத் தகவல் தீர்க்கும், நாலு இடத்துக்குப் போன் போட்டாலே பாதி கரைந்துவிடும். இரண்டாவதுக்கு எவ்வளவு தகவல் சேர்த்தாலும் போதாது. எல்லாம் தெரிந்த பிறகும் முடிவெடுப்பது கடினமாகவே இருக்கும்.

அறச்சிக்கலை வரையறுப்பவர்கள் பொதுவாக நான்கு நிபந்தனை சொல்வார்கள். ஒருவருக்கு இரண்டு செயல்களைச் செய்யும் கடமை இருக்கவேண்டும். இரண்டையும் தனித்தனியே செய்ய அவரால் முடியவேண்டும். சேர்த்துச் செய்ய முடியாமல் இருக்கவேண்டும். நான்காவதுதான் முக்கியம்: ஒரு கடமை மற்றதைத் தெளிவாக மிஞ்சக்கூடாது. இந்த நான்காவது இல்லாவிட்டால் அது வெறும் கடமை மோதல். பிளேட்டோவின் 'குடியரசு' நூலின் தொடக்கத்திலேயே அப்படி ஒன்று வருகிறது. நல்ல நிலையில் இருந்த நண்பர் ஓர் ஆயுதத்தைக் கொடுத்து வைத்துவிட்டுப் போகிறார். புத்தி பேதலித்த நிலையில் திரும்பக் கேட்கிறார். வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது கடமைதான், ஆனால் கொடுக்கக்கூடாது என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. மோதல் உண்டு, சிக்கல் இல்லை.

நான்கு நிபந்தனையும் பொருந்துவதைப் பார்க்க நமக்குக் கம்பராமாயணமே போதும். இராவணன் செய்வது தவறு என்று தம்பிகள் இருவருக்குமே தெரியும். இராமன் வெல்வான் என்பதும் தெரியும். வீடணன் அறத்தின் பக்கம் போகிறான். கும்பகருணனைத் தேடி வந்து அவன் அழைக்கும்போது, இத்தனை காலம் வளர்த்துப் போர்க்கோலமும் செய்து அனுப்பியவனுக்கு உயிரைக் கொடுக்காமல் வரமாட்டேன் என்று மறுத்துவிடுகிறான் அண்ணன். ஒரே வீடு, ஒரே கேள்வி, எதிரெதிரான இரண்டு விடை. பட்டிமன்றங்களில் இன்றும் இருவருக்கும் ஆள் சேர்கிறது என்றால் காரணம் பேச்சாளர்களின் திறமை மட்டும் இல்லை. செஞ்சோற்றுக் கடனும் அறத்தின் பக்கம் நிற்பதும் ஒன்றையொன்று எளிதில் மிஞ்சுவதில்லை.

அப்படிப்பட்ட சிக்கல் உண்மையிலேயே இருக்க முடியுமா என்பதில் தத்துவவாதிகள் இன்னும் ஒத்துப்போகவில்லை. இருக்க முடியாது என்பவர்களில் பெரிய பெயர் காண்ட். கடமைகள் மோதவே முடியாது, மோதுவது போலத் தெரிபவை கடமைக்கான காரணங்கள்தான் என்றார். இந்தத் தரப்பின் தர்க்கம் சின்னது, கூர்மையானது. ஒன்றைச் செய்யவேண்டும் என்றால் அதைச் செய்ய முடியவேண்டும். முதலாவதைச் செய்யவேண்டும், இரண்டாவதையும் செய்யவேண்டும் என்றால் இரண்டையும் சேர்த்துச் செய்யவேண்டும். சேர்த்துச் செய்ய முடியாது என்றால் முரண்பாடு வந்துவிடுகிறது. ஆகவே இரண்டில் ஒன்று கடமையே இல்லை. 1965இல் பெர்னார்டு வில்லியம்ஸ் கை வைத்தது இரண்டாம் படியில். தனித்தனியே கடமை என்பதால் சேர்த்தும் கடமை ஆகிவிடாது என்றார். அவர் காட்டிய அடையாளம் எளிமையானது: உண்மையான மோதலில் ஒன்றைத் தேர்ந்த பிறகும் மற்றது மறைவதில்லை. எச்சம் ஒன்று தங்குகிறது. நம்பிக்கைகள் இரண்டு மோதி, ஒன்று பொய் என்று தெரிந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடலாம். தோற்ற கடமையை அப்படிப் போட முடியாது.

கும்பகருணனிடம் இந்த எச்சத்தைக் கண்ணெதிரே பார்க்கலாம். களத்தில் விழுந்து கிடக்கும்போது அவன் இராமனிடம் கேட்பது தம்பியின் பாதுகாப்பை. இராவணன், இவன் தம்பி என்று பார்த்து இரங்கமாட்டான், நீ காப்பாற்று என்கிறான். போக மறுத்த பக்கத்துக்கு அவன் பட்ட கடன் அங்கே தீர்கிறது. அவன் தேர்வு சரியா தவறா என்பதைவிட இந்த இடம் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஓர் எச்சரிக்கை. மனம் உறுத்துகிறது என்பதை மட்டும் வைத்து இது அறச்சிக்கல் என்று முடிவு கட்டக்கூடாது. அம்மாவைப் பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தில் விட்ட முதல் நாளும் உறுத்தும். அங்கே எந்தக் கடமையும் மீறப்படவில்லை. உறுத்தல் ஒரு தடயம், தீர்ப்பு இல்லை.

இனி போலி இருவழி. இதன் வடிவம்: "ஒன்று இது, இல்லையேல் அது. அது முடியாது. ஆகவே இது." பலர் இந்த வாத வடிவமே தவறு என்று நினைக்கிறார்கள். வடிவத்தில் ஒரு பிழையும் இல்லை. முதல் இரண்டு வரியும் மெய்யானால் முடிவும் மெய்தான். பிழை முதல் வரியின் உள்ளடக்கத்தில். அதனால்தான் இது சுலபமாக ஏமாற்றுகிறது. கேட்பவர் இரண்டாம் வரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார், முதல் வரி சத்தமில்லாமல் தாண்டிப் போயிருக்கும்.

சோதிக்க முதல் வழி, இரண்டாம் தெரிவை அழித்துவிட்டு அங்கே முதல் தெரிவின் எதிர்மறையை எழுதுவது. "வேலையை விடுவது" என்பதன் எதிர்மறை "வேலையை விடாமல் இருப்பது". இந்த இரண்டுக்கும் நடுவில் இடம் கிடையாது, பட்டியல் முழுமையானது. இப்போது உங்கள் கேள்வியைப் பாருங்கள். வேலையை விடாமல் இருப்பதும் அம்மாவைத் தாதிமை இல்லத்தில் சேர்ப்பதும் ஒன்றுதானா? இல்லை என்றால் நடுவில் இடைவெளி இருக்கிறது, வேறு வழிகள் அந்த இடைவெளியில்தான் கிடக்கின்றன.

அடுத்தது, "அல்லது" இருக்கும் இடத்தில் "உம்" போட்டுப் பார்ப்பது. "வீட்டில் தமிழ் பேசினால் பிள்ளையின் ஆங்கிலம் பின்தங்கிவிடும்" என்பது சிங்கப்பூர்த் தமிழ் வீடுகளின் செல்லமான போலி இருவழி. தமிழும் ஆங்கிலமும் என்று எழுதிப் பார்த்தால் வாக்கியம் நன்றாகவே நிற்கிறது. 1966 முதல் இங்குள்ள பள்ளிகளே இருமொழிக் கொள்கையில்தான் ஓடுகின்றன. (இதில் அறம் எங்கே வந்தது என்று கேட்கலாம். "பிள்ளையின் எதிர்காலமா, உன் மொழிப்பற்றா" என்று கேட்டுவிட்டால் அறச்சாயம் தானாகப் பூசிக்கொள்ளும்.)

மூன்றாவது, கெடுவை யார் வைத்தது என்று பார்ப்பது. அவசரம் பட்டியலைச் சுருக்கும். இதற்கு அப்பட்டமான உதாரணம் மோசடி அழைப்பு. வங்கியிலிருந்து பேசுவதாகத் தொடங்குவார்கள். பிறகு "விசாரணை அதிகாரி"க்கு மாற்றிவிடுவார்கள். உங்கள் பெயரில் உள்ள கணக்கு கள்ளப்பண வழக்கில் சிக்கியிருக்கிறது, பணத்தைப் "பாதுகாப்பான" கணக்குக்கு இப்போதே மாற்றுங்கள், இல்லாவிட்டால் கைது. "விசாரணைக்கு ஒத்துழைப்பது குடிமகனின் கடமை" என்று கடமையையும் கோத்துவிடுவார்கள். கூடவே ஒரு நிபந்தனை வரும்: வீட்டில் யாரிடமும் சொல்லக்கூடாது. அந்த நிபந்தனையை உற்றுப் பாருங்கள். மூன்றாம் வழி எங்கே இருக்கிறதோ அங்கேதான் பூட்டு போடுகிறார்கள். போனை வைத்துவிட்டு 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு உதவி எண்ணைக் கூப்பிடுவது அந்த மூன்றாம் வழி. சிங்கப்பூரில் எந்த அரசாங்க அதிகாரியும் தொலைபேசியில் பணத்தை மாற்றச் சொல்லமாட்டார். குடும்பச் சண்டையிலும் இதே சாயலைக் கவனிக்கலாம். "இப்பவே சொல்லு, நானா உங்க அம்மாவா" என்பதில் "இப்பவே"தான் பாதிப் பிரச்சினை.

சரி, உங்கள் கேள்விக்கு வருவோம். ஒரு தாளில் வழிகளை எழுதுங்கள், நல்லது கெட்டது பார்க்காமல். ஒவ்வொன்றையும் "முடியாது" என்று தள்ளும்போது, எந்த வகை "முடியாது" என்று பக்கத்தில் குறியுங்கள். நடக்கவே நடக்காதது ஒன்று. நமக்குப் பிடிக்காதது ஒன்று. இன்னும் கேட்டே பார்க்காதது ஒன்று. தள்ளப்பட்டவற்றில் பெரும்பகுதி மூன்றாம் வகையில் விழுவதைப் பார்ப்பீர்கள்.

சிங்கப்பூரில் அந்தத் தாளில் என்னென்ன வரலாம்? வார நாள்களில் பகல் முழுதும் பார்த்துக்கொள்ளும் மூத்தோர் பராமரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. முதுமை மறதி நோய்க்கென்றே தனிப் பிரிவு வைத்திருப்பவையும் உண்டு. வீட்டுக்கே வந்து குளிப்பாட்டி, உணவு கொடுக்கும் சேவை இருக்கிறது. பராமரிப்பவருக்குச் சில நாள் ஓய்வு கிடைக்க இடைக்காலப் பராமரிப்பு இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் வழிகாட்டுவது ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பு. வேலைப் பக்கம் பார்த்தால், நீக்குப்போக்கான வேலை ஏற்பாடுகள் பற்றி அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம் சேர்ந்து வகுத்த முத்தரப்பு வழிகாட்டி 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. முறைப்படி எழுத்தில் கேட்டால் முதலாளி இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும். அவர் மறுக்கலாம், ஆனால் தொழில் சார்ந்த நியாயமான காரணம் வேண்டும். காரிடாரில் வாய்மொழியாகக் கேட்டு "பார்க்கலாம்" என்ற பதிலோடு திரும்புவது இந்தக் கணக்கில் சேராது.

பணமும் பட்டியலைச் சுருக்கும் ஒரு காரணம், ஆகவே அதையும் எண்ணாகப் பார்க்கவேண்டும். குளிப்பது, உடுத்துவது, உண்பது, நடப்பது, கழிவறைக்குப் போவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது ஆகிய ஆறில் குறைந்தது மூன்றுக்கு எப்போதும் உதவி தேவைப்படுபவரின் குடும்பத்துக்கு, வருமானத்தைப் பொறுத்து வீட்டுப் பராமரிப்பு மானியம் உண்டு. 2023இல் அது மாதம் 400 வெள்ளி வரை உயர்ந்தது. 2026 ஏப்ரல் முதல் 600 வெள்ளி வரை என்று அறிவிக்கப்பட்டது. வீட்டில் 67 வயது நிரம்பியவர் இருந்தால் பணிப்பெண்ணுக்காக அரசாங்கத்துக்குக் கட்டும் தீர்வை மாதம் 300 வெள்ளிக்குப் பதில் 60 வெள்ளி. அண்ணன் தங்கை பங்கு தருவதில்லை என்றால், 1995ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் 60 வயது நிரம்பிய பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புச் செலவு கேட்கலாம். முதலில் சமரசப் பேச்சுதான் நடக்கும். குடும்பத்தில் இதை எடுக்க மனம் வராது என்பது தெரிந்ததே. அப்படியானால் அது "பிடிக்காதது" வகை, "நடக்காதது" வகை இல்லை. குறியைச் சரியாகப் போடுங்கள்.

எங்கே சறுக்கும் என்றும் சொல்லவேண்டும். பகல்நேர நிலையத்தில் முதல் சில நாள் அம்மா போகமாட்டேன் என்று அடம்பிடிக்கலாம். அதைப் பார்த்து "முயற்சி பண்ணிப் பார்த்தோம், சரிவரல" என்று கைவிடுவது அவசரம். தமிழ் பேசும் ஊழியர் இருக்கிறாரா, சைவச் சாப்பாடு உண்டா என்பவற்றை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். நோய் கூடக்கூடப் பிற்பாடு கற்ற மொழிகள் நழுவி, சின்ன வயது மொழியே மிஞ்சுவது பலரிடம் காணப்படுகிறது. மாண்டரினில் பாட்டு நடக்கும் அறையில் வெறுமனே உட்கார்ந்திருந்தவர் தமிழ் பேசும் தாதி வரும் நாளில் வாய் திறக்கக்கூடும்.

இத்தனையும் செய்த பிறகு எஞ்சுவது எது? இப்படி வைத்துக்கொள்வோம். நினைவு தெளிவாக இருந்த காலத்தில் அம்மா உங்களிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்: "என்னை எந்த இல்லத்துக்கும் அனுப்பிடாதேம்மா." இப்போது அவர் அதிகாலை மூன்று மணிக்குக் கதவைத் திறந்து புளோக்கின் கீழே போய் நிற்கிறார். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்துபோகிறார். பகல்நேர நிலையம் இரவுக்கு உதவாது. பணிப்பெண்ணும் உறங்கத்தான் வேண்டும். உங்கள் மகள் தொடக்கநிலை ஆறில் படிக்கிறாள், பல வாரங்களாகச் சரியாகத் தூங்கவில்லை. கொடுத்த வாக்கு ஒரு பக்கம். அம்மாவின் உயிரும் மகளின் நலமும் மறுபக்கம். இங்கே பட்டியலை நீட்டி நீட்டிப் பார்த்தும் புதிதாக ஒன்றும் வராது. இதுதான் அறச்சிக்கல். தொடக்கத்தில் கேட்ட "வேலையா இல்லமா" அதன் மேல்தோல்தான்.

இந்த இடத்திலும் ஒன்று செய்யலாம்: வாக்கை அதன் சொற்களாக மட்டும் பார்க்காமல், அம்மா எதற்கு அஞ்சி அதைக் கேட்டார் என்று யோசிப்பது. பெரும்பாலும் அச்சம் கட்டடத்தைப் பற்றியதாக இருக்காது, கைவிடப்படுவதைப் பற்றியதாக இருக்கும். அது தெரிந்தால் சொல்லை மீறினாலும் அதன் சாரத்தை ஓரளவு காப்பாற்ற முடியும். ஆனால் "அம்மா உண்மையில் கேட்டது அது இல்லை, ஆகவே நான் வாக்கை மீறவே இல்லை" என்று சொல்லிக்கொள்ளாதீர்கள். அது கணக்கைத் திருத்தி எழுதுவது. மீறினீர்கள், மீறத் தக்க காரணம் இருந்தது. இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும்.

மருத்துவமனையிலும் இதே அடுக்கு வரும். "டாக்டர், அம்மாவுக்குப் புற்றுநோய்னு சொல்லிடாதீங்க, தாங்கமாட்டாங்க" என்று மகன் அறைக்கு வெளியே நிறுத்திக் கேட்பது நம் குடும்பங்களில் வழக்கம். உண்மையா இரக்கமா என்று அது உருவெடுக்கும். உடனே "பொய்மையும் வாய்மை இடத்த" என்று யாராவது எடுத்துக் கொடுப்பார். "புரைதீர்ந்த நன்மை" என்று வள்ளுவர் அதற்கு வைத்த உயரமான வேலியை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுவார். இங்கே போலி எது என்றால், "எல்லாத்தையும் சொல்வதா, ஒன்றுமே சொல்லாமல் இருப்பதா" என்ற பட்டியல். நல்ல மருத்துவர் அம்மாவிடமே கேட்பார்: "உங்க உடம்பைப் பத்தி எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறீங்கம்மா? யார்கிட்ட பேசணும்?" "உண்மை தெரியணுமா வேண்டாமா" என்று கேட்டால் அதுவும் ஓர் இருவழியாகிவிடும், ஆகவே கேள்வி திறந்திருக்கவேண்டும். பல அம்மாக்கள் "பையன்கிட்ட சொல்லுங்க தம்பி, அவன் பாத்துக்குவான்" என்பார்கள். சிலர் "எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா" என்பார்கள். முதல் பதில் வந்தால் மகனின் கவலை பெரும்பாலும் தீர்ந்தது. அம்மா அறிய விரும்பவில்லை, ஆனால் கடுமையான சிகிச்சைக்கு அவருடைய சம்மதம் வேண்டும், புரியாமல் தரும் சம்மதம் சம்மதம் ஆகாது என்ற நிலை வந்தால் அங்கே சிக்கல் உண்மையாகத் தொடங்குகிறது.

அறச்சிக்கலைப் போலத் தோன்றும் வேறு சிலவும் உண்டு, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சாரக்கட்டு சரியாகக் கட்டப்படவில்லை என்று தெரிந்தும், "வெள்ளிக்கிழமைக்குள் முடிக்காவிட்டால் குத்தகை போய்விடும்" என்று முதலாளி சொல்ல, மேற்பார்வையாளர் தயங்குகிறார். இது அறச்சிக்கல் இல்லை. ஒரு பக்கம் சரி, மறுபக்கம் தவறு, இடையில் அச்சம். வேலையை நிறுத்தலாம், வேலையிட ஆபத்துகளைத் தெரிவிப்பதற்கான மனிதவள அமைச்சின் ஸ்னாப்சேஃப் வழியாகப் புகார் கொடுக்கலாம். இன்னொன்று, எது சரி என்று தெரிந்தும் அமைப்பு செய்யவிடாத நிலை. 1984இல் ஆண்ட்ரூ ஜேமட்டன் தாதியரைப் பற்றி எழுதும்போது இதைத் தனியாகப் பிரித்து, அறத் துயர் என்று அடையாளம் காட்டினார். அதற்கு மருந்து தத்துவம் இல்லை, விதிமுறையை மாற்றுவதுதான்.

பள்ளியில் இவற்றைப் பேசுபவர்களுக்கு ஒரு குறிப்பு. அறவளர்ச்சியை அளக்க உளவியலாளர் லாரன்ஸ் கோல்பர்க் பயன்படுத்திய ஹைன்ஸ் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். மனைவி சாகக் கிடக்கிறாள். 200 டாலர் அடக்கவிலை உள்ள மருந்துக்கு மருந்துக்காரர் 2000 டாலர் கேட்கிறார். கணவனால் 1000 டாலர்தான் புரட்ட முடிந்தது. திருடலாமா? கேரல் கில்லிகன் 1982இல் வெளியிட்ட நூலில் 11 வயது ஏமி என்ற சிறுமி, திருடக்கூடாது, ஆனால் மனைவியும் சாகக்கூடாது என்று சொல்லிவிட்டு, கடன் வாங்கலாமே, மருந்துக்காரரிடம் இன்னும் பேசிப் பார்க்கலாமே என்கிறாள். கோல்பர்கின் அளவுகோல் அவளுக்குக் குறைந்த மதிப்பெண் போட்டது. கேள்வி கேட்டவர் சாத்தி வைத்த கதவை அவள் தட்டிப் பார்த்தாள் என்பதுதான் நடந்தது. அதற்காக அப்படிப்பட்ட கற்பனைக் கதைகளைப் போலி இருவழி என்று தள்ளிவிடவும் கூடாது. தத்துவவாதி பிலிப்பா ஃபுட் 1967இல் எழுதிய டிராம் வண்டி உதாரணத்தில் (நிறுத்த முடியாத வண்டியை ஐவர் மீது ஓடவிடுவதா, ஒருவர் மீது திருப்புவதா) வழிகளை வேண்டுமென்றே இரண்டாகக் குறைத்திருக்கிறார்கள், எந்தக் கொள்கை எங்கே உடைகிறது என்று பார்ப்பதற்காக. அது இரண்டே வழிதான் உலகில் உண்டு என்று யாரையும் நம்பவைக்கவில்லை. வகுப்பில் மாணவர் மூன்றாம் வழி சொன்னால் முதலில் அதைப் பாராட்டுங்கள், பிறகு "அதுவும் இல்லை என்றால்?" என்று கேளுங்கள். அந்த வரிசையைத் தலைகீழாக்கினால், இரண்டே வழி என்று யார் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளும் பழக்கத்தைத்தான் கற்றுக்கொடுக்கிறோம். ஹைன்ஸ் கதைக்குக் குறளில் ஒரு கடுமையான பதிலும் இருக்கிறது. ஈன்றவளின் பசியைக் காண நேர்ந்தாலும் சான்றோர் பழிக்கும் வினையைச் செய்யாதே என்கிறது 656ஆம் குறள். வள்ளுவருக்கு அங்கே ஒரு கடமை மற்றதை மிஞ்சிவிட்டது, ஆகவே சிக்கலே இல்லை. ஒத்துக்கொள்வதும் மறுப்பதும் உங்கள் விருப்பம், ஆனால் உரையாடலுக்கு நல்ல தொடக்கம்.

போலி இருவழியைக் கண்டுபிடிக்கப் பழகியவர்களுக்கு வரும் ஒரு கெட்ட பழக்கத்தையும் சொல்லாமல் இருக்க முடியாது. எதைக் கேட்டாலும் "மூன்றாவது வழி இருக்கு" என்பார்கள். அந்த மூன்றாம் வழியின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். அம்மாவின் இரவு அலைச்சலுக்குத் தீர்வாகப் பணிப்பெண்ணை அதே அறையில் படுக்க வைத்து, ஞாயிறு ஓய்வையும் பணமாகக் கொடுத்துவிட்டால் குடும்பத்துக்குச் சிக்கல் தீர்ந்த மாதிரி இருக்கும். தீரவில்லை, அந்தப் பெண்ணின் தோளுக்கு மாறியிருக்கிறது. 2023 ஜனவரி முதல் மாதத்தில் குறைந்தது ஒரு ஓய்வு நாளைப் பணம் கொடுத்து ஈடுகட்டக்கூடாது என்பது மனிதவள அமைச்சின் விதி. அந்த விதி இல்லாவிட்டாலும் பதில் அதேதான். பட்டியலில் புது வழி எழுதும்போது "யார் சுமப்பது" என்று ஒரு பத்தியையும் சேர்த்து எழுதுங்கள்.

உண்மையான சிக்கலில் முடிவெடுத்த பிறகு வேலை முடிந்துவிடுவதில்லை. தோற்ற பக்கத்துக்குச் சில கடன் மிஞ்சும். அம்மாவை இல்லத்தில் சேர்க்க முடிவானால் அதை அவரிடம் நீங்களே சொல்லவேண்டும். மறந்துவிடுவார் என்பது சொல்லாமல் இருப்பதற்குக் காரணம் ஆகாது, "டாக்டரைப் பார்க்கப் போறோம்" என்று காரில் ஏற்றக்கூடாது. எந்தெந்த நாள் யார் போவது என்று உடன்பிறந்தோர் சேர்ந்து அட்டவணை போடவேண்டும். "முடிஞ்சப்போ போறேன்" என்பவர் போகமாட்டார். அவருடைய சாமி படம், வழக்கமான தலையணை, காலையில் கேட்கும் பாட்டு எவற்றை இல்லம் அனுமதிக்கும் என்று முன்பே பேசவேண்டும். சில மாதம் கழித்து முடிவைத் திரும்பப் பார்க்க ஒரு தேதியும் குறிக்கவேண்டும், ஏனென்றால் நோயின் நிலை மாறும், மகளின் தேர்வும் முடிந்துவிடும். உறவினர் "அனுப்பிட்டியா?" என்று கேட்டால் நீண்ட விளக்கம் தேவையில்லை. "ஆமா, வேற வழி பார்த்துட்டுத்தான் அனுப்பினோம்" என்பது உண்மையாக இருந்தால் போதும்.

1980இல் தத்துவவாதி ரூத் பார்கன் மார்கஸ் எழுதிய கட்டுரை அறச்சிக்கல்கள் உண்டு என்று வாதிட்டுவிட்டு, அதிலிருந்து ஒரு கடமையையும் பெற்றது: இப்படிப்பட்ட மோதல்கள் இனி வராதபடி வாழ்க்கையையும் அமைப்புகளையும் ஒழுங்குபடுத்துவது. உங்கள் அம்மா இன்னும் ஆரம்பக் கட்டத்தில் இருந்தால் இதற்கு நேரம் இருக்கிறது. முன்கூட்டிய பராமரிப்புத் திட்ட உரையாடலில் எங்கே வாழ விருப்பம், எந்தச் சிகிச்சை வேண்டாம், அவர் சார்பில் யார் பேசவேண்டும் என்பவற்றைப் பதிவு செய்யலாம். அது சட்டப்படி கட்டுப்படுத்தாது, ஆனால் மருத்துவர்கள் பார்ப்பார்கள். எல்பிஏ எனும் நீடித்த அதிகாரப் பத்திரம் சட்டப்படி செல்லும். 21 வயது நிரம்பியவர், மனத்திறன் இருக்கும்போதே, அங்கீகாரம் பெற்ற மருத்துவர், மனநல மருத்துவர் அல்லது வழக்கறிஞர் ஒருவரின் சான்றோடு செய்யவேண்டும். திறன் போன பிறகு என்றால் நீதிமன்றத்தில் விண்ணப்பித்துப் பிரதிநிதியாக நியமனம் பெறவேண்டியிருக்கும், செலவும் காலமும் அதிகம். முதுமை மறதி நோய் என்று மருத்துவர் சொன்ன அன்றே திறன் போய்விட்டதாக எண்ணிப் பலர் இதைக் கைவிடுகிறார்கள். ஆரம்பக் கட்டத்தில் பலரால் புரிந்துகொண்டு கையெழுத்திட முடியும். அடுத்த சந்திப்பில் மருத்துவரிடம் முதலில் இதைக் கேளுங்கள், அம்மாவும் அறையில் இருக்கும்போது.